கடலைப் பார்க்கவும் காசா? குடும்பத்தோடு உல்லாச விடுதிக்குப் போவது பெறுமதியானதா

"கடலைப் பார்க்கிறதுக்கும் காசே பிள்ளை?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார்.

ரொறன்ரோவில் இருந்து அண்ணா குடும்பத்தோடு வருவதாக இருந்தது. இரண்டு இரவுகள் எல்லோரும் பாசிக்குடாவில் ஓர் உல்லாச விடுதியில் தங்குவோம் என்று வட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் ஒன்றை அனுப்பியிருந்தார். தோட்டத்தைப் பார்த்த அறைக்கு ஒரு விலை, கடலைப் பார்த்த அறைக்கு அதைவிடக் கூடிய விலை. அதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது வந்த கேள்வி இது.

அம்மா மயிலிட்டிக்காரி. வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் கடல். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு ஓடிய பிறகு, அந்தக் கடல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. மயிலிட்டித் துறைமுகப் பக்கத்துக் காணிகளில் ஒரு பகுதி விடுபட்டது 2017 ஜூலையில். இடைப்பட்ட 27 வருடத்தில் பெரும்பகுதியை அம்மா நலன்புரி முகாம்களில் கழித்தார். கடல் ஒரு சில மைல் தூரம்தான். ஆனால் நடுவில் முட்கம்பி. அப்படிப்பட்ட ஒருவருக்குக் கடல் காட்சி அறை என்ற கணக்கு விளங்காததில் வியப்பில்லை.

வெளிநாட்டில் இருந்து உறவுகள் வரும் காலங்களில் இந்தப் பேச்சு இப்போது பல வீடுகளில் நடக்கிறது. போவதா, போனால் எங்கே, கொடுக்கிற காசு தகுமா என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். போய் வந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் இடம். அண்ணா ஆரம்பத்தில் பார்த்தது பாசிக்குடாவை அல்ல. காங்கேசன்துறையில் ஒரு விடுதி கிட்டவும் மலிவாகவும் இருக்கிறதே என்று கேட்டிருந்தார். வெளிநாட்டில் இருந்து இணையத்தில் தேடுபவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வடக்கில் கடற்கரை விடுதி என்று தேடினால் முன்னுக்கு வருபவற்றில் சில படையினர் நடத்துபவை. காங்கேசன்துறையின் ‘தல்செவன’ இராணுவத்தினுடையது. சிங்களத்தில் பனை நிழல் என்று பொருள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில், போர்த்துக்கேயர் கட்டிய ஹம்மன்ஹீல் கடற்கோட்டை கடற்படையின் விடுதி. போர் முடிந்து சில வருடங்களுக்குள் நந்திக்கடல் ஓரத்திலேயே ‘லகூன்ஸ் எட்ஜ்’ என்ற பெயரில் இராணுவம் ஒரு விடுமுறை விடுதியைத் திறந்தது. தெற்கில் இருந்து வருபவர்களுக்கு இவை வசதியான இடங்களாக இருக்கலாம். என் அக்கா 2009 மே வரை அந்தக் கரையில் இருந்தவர். அத்தான் அங்கிருந்து வரவில்லை. அவரிடம் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று நாங்கள் சொல்லக்கூட இல்லை. ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன்னர் விடுதியை நடத்துவது யார், அது நிற்கிற காணி யாருடையது என்று விசாரியுங்கள். அறையின் படத்தைப் பார்த்து அதை அறிய முடியாது.

பாசிக்குடாவின் கதையும் சுத்தமான கதை இல்லை. 1970களில் வெள்ளைக்காரர் வந்து போன கரை அது. 1978 சூறாவளி, பிறகு போர், 2004 ஆழிப்பேரலை என்று எல்லாம் அடித்துப் போட்டன. போர் முடிந்ததும் அரசாங்கம் அதைச் சுற்றுலா வலயமாக்கி, கரையோரக் காணிகளைத் துண்டுகளாகப் பிரித்து முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தது. பிறைபோல வளைந்த குடாவில் இன்று விடுதிக்கு அடுத்து விடுதி. முன்னர் அங்கே படகு இழுத்துவைத்த மீனவர்களுக்கு இடம் சுருங்கிப்போனது. நாங்கள் தங்கிய விடுதியில் எங்களுக்குச் சாப்பாடு பரிமாறிய பையன் வாழைச்சேனைப் பக்கத்தவன். அவனுடைய அப்பா கடற்றொழில் செய்பவர். "முந்தி இந்த இடத்திலதான் எங்கட வள்ளம் நிக்கும்" என்று நீச்சல் தடாகத்துப் பக்கம் கையைக் காட்டினான். கோபமாகச் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னான்.

அந்தப் பையன்களுக்காகவாவது அங்கே காசு செலவழிப்பது சரி என்பது அண்ணாவின் வாதம். பாதி உண்மை. இலங்கையில் இத்தகைய விடுதிகளில் அடிப்படைச் சம்பளம் குறைவு. பில்லில் போடுகிற 10 வீத சேவைக் கட்டணத்தில் மாதாமாதம் கிடைக்கும் பங்குதான் ஊழியர்களுக்குப் பெரிய தொகை. ஆள் வந்தால் பங்கு கூடும், வராவிட்டால் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், கொரோனாக் காலத்திலும், 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களிலும் அறைகள் வெறுமையாகக் கிடந்தபோது முதலில் வீட்டுக்குப் போனவர்களும் அவர்கள்தான்.

இனி காசுக் கணக்கு. இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால், அது முழு விலை இல்லை. சேவைக் கட்டணம் 10 வீதமும் அதன் மேல் வரிகளும் பிறகு வரும். வற் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். ஓர் அறை ஓர் இரவுக்கு 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணத்தோடு 44,000. அதன்மேல் வற் சேர்த்தால் 51,920. நான்கு அறை, இரண்டு இரவு என்றால் 3 இலட்சத்து 20 ஆயிரம் என்று நினைத்துப் போனவர் 4 இலட்சத்து 15 ஆயிரத்துக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். வேறு சிறிய அறவீடுகளும் உண்டு. அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஆகவே தொலைபேசியில் கேட்கும்போது "எல்லா வரியும் சேர்த்து கடைசித் தொகை எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் கேட்கவில்லை. வரவேற்பு மேசையில் அண்ணா பில்லைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்த அண்ணி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இன்னொன்று, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு விலை. பல விடுதிகளில் உள்நாட்டவருக்கு ரூபாவில் ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு டொலரில் வேறு கட்டணம். அம்மாவும் நாங்களும் அக்காவும் அடையாள அட்டையைக் காட்டினோம். அண்ணாவிடம் இருந்தது கனேடியக் கடவுச்சீட்டு. மயிலிட்டியில் பிறந்தவர் என்று அந்தக் கடவுச்சீட்டிலேயே இருக்கிறது, ஆனால் விலைக்கு அது கணக்கில்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்து தேசிய அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் அதை மறக்காமல் கொண்டுவாருங்கள். இல்லாதவர்கள் முன்கூட்டியே பேசி முடியுங்கள். போய் இறங்கிய பிறகு பேசினால் பலன் குறைவு.

சாப்பாட்டில் மூன்று வகை. காலை உணவு மட்டும், காலையும் இரவும், மூன்று வேளையும். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நடுவில் உள்ளது போதும் என்பது என் அனுபவம். மத்தியானம் கடலில் நின்றுவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பெரிய சாப்பாடு தேவையில்லை. வாழைச்சேனைச் சந்தியில் ஒரு பார்சல் சோறு வாங்கினால் நாலு பேர் பகிரலாம். சிறு பிள்ளைகளுக்கு இலவசம், அதற்கு மேல் 12 வயது வரை பாதி என்பது பொதுவான வழக்கம். ஆனால் வயது எல்லை விடுதிக்கு விடுதி மாறும். தண்ணீர்ப் போத்தலுக்கும் குளிர்பானத்துக்கும் தனிக்காசு. அக்காவின் மகன் ஒரு இரவில் குடித்த சோடாவின் விலையைக் கேட்டு அக்கா அடுத்த நாள் முழுக்க அவனோடு கதைக்கவில்லை.

அம்மாவுக்குப் பஃபே ஒத்துவரவில்லை. நாற்பது வகைக்கும் மேல் அடுக்கிவைத்திருந்தார்கள். தட்டோடு ஒரு சுற்று நடந்துவிட்டு, சோறும் பருப்பும் ஒரு துண்டு மீனும் எடுத்துவந்து இருந்தார். மற்றவர்கள் மிச்சம் விட்ட தட்டுகளைப் பணியாளர் எடுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகாமில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர். அவரிடம் "ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்கோ அம்மா" என்று சொல்வது எனக்கே சரியாகப் படவில்லை.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் தகாத செலவு என்றுதான் நானும் முதலாம் இரவு முடிவெடுத்தேன்.

இரண்டாம் இரவு, கரையில் பாய் விரித்து எல்லோரும் இருந்தோம். பதினொரு பேர். நான் இரண்டு நாளாக அடுப்புப் பற்றவைக்கவில்லை. கலியாணம் கட்டி வந்த நாள் முதல் எனக்கு அப்படி இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்ததில்லை. அண்ணா வீட்டில் வந்து நின்றால் நான் குசினியிலேயே நிற்பேன். அவரோடு கதைப்பது கறிச்சட்டிக்கு மேலால்தான். அன்றைக்குத்தான் இருந்து கதைத்தேன். கடைசியாக நாங்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் படுத்தது எப்போது என்று அக்கா கேட்டார். யாருக்கும் நினைவு வரவில்லை. அம்மாதான் சொன்னார்: "சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில." 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமமே மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குப் போனதே, அதற்கடுத்த நாட்கள். ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். அப்போது எனக்கு 13 வயது, அப்பா இருந்தார். அடுத்த வருடம் அண்ணா கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிக்கிட்டுவிட்டார்.

அதன் பிறகு அந்தச் செலவைப் பற்றி என்னால் ஒரே முடிவில் நிற்க முடியவில்லை. ஆனால் எதற்குக் காசு கொடுத்தோம் என்பதைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. நீச்சல் தடாகத்தில் பிள்ளைகள் இறங்கியது ஒரு மணித்தியாலம். கடல் காட்சி அறையின் திரைச்சீலையை அம்மா மூடித்தான் வைத்திருந்தார். குளிரூட்டியின் குளிருக்குப் போர்வையும் போதவில்லை. எங்களுக்குப் பயன்பட்டது, சமைக்கத் தேவையில்லாத இரண்டு நாளும் எல்லோரும் ஒன்றாக இருக்க ஓர் இடமும்தான். அதற்கு அந்த விலை தேவையில்லை.

கல்குடா, வாழைச்சேனைப் பக்கங்களில் ஊரவர்கள் நடத்தும் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. சிலர் முழு வீட்டையே நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். சமைத்துத் தர ஆளும் ஒழுங்கு செய்வார்கள். கொடுக்கிற காசும் ஊருக்குள்ளேயே நிற்கும். கழிவறையையும் தண்ணீரையும் மட்டும் முன்னரே ஒருவரை அனுப்பிப் பார்த்துவிடுங்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் இருந்தால் கழிவறை எப்படிப்பட்டது என்று கேட்பது அவசியம். பாசிக்குடாவில் பொதுமக்களுக்கான கரையும் உண்டு. விடுதியில் தங்காமலே அங்கே குளிக்கலாம். பஸ் பிடித்து வந்து, சட்டி பானையோடு சமைத்துச் சாப்பிட்டுப் போகிற கூட்டத்தை வார இறுதியில் பார்க்கலாம். அவர்கள் குளிப்பதும் அதே குடாவில்தான்.

காலம் முக்கியம். கிழக்குக் கடல் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை அமைதியாக இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை. மார்கழி விடுமுறைக்குத்தான் பிள்ளைகளுக்கு வசதி என்று வருபவர்கள் கலங்கிய கடலையும் மழையையும் பார்த்துக்கொண்டு அறைக்குள் இருப்பார்கள். அந்தக் காலத்தில் விலை குறைவதற்குக் காரணமும் அதுதான். பாசிக்குடா ஆழமில்லாதது, நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர். சிறு பிள்ளைகளுக்கு நல்லது. பக்கத்தில் கல்குடாக் கரையில் அப்படியில்லை; அங்கே பிள்ளைகளைத் தனியே இறங்க விடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வழியாக மரதன்கடவல போய், ஹபரணை, பொலன்னறுவை தாண்டி வாழைச்சேனைக்கு வானில் ஒரு பகல் முழுக்கப் போகும். இரண்டு இரவுக்காக அவ்வளவு தூரம் போவது வயது போனவர்களுக்குக் கஷ்டம். கொழும்பில் இருந்து வருபவர்கள் மட்டக்களப்பு ரயிலில் வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்கலாம். ஒரு நாளைக்குக் கடல் மட்டும் போதும் என்றால் காரைநகர் கசூரினா இருக்கிறது. காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அண்ணா இந்த ஓகஸ்டிலும் வருகிறார். மயிலிட்டிக் காணியில் பற்றை வெட்டி, கிணறும் இறைத்தாயிற்று. வீடுதான் இன்னும் இல்லை. அதனால் கல்குடாவில் நான்கு அறையுள்ள வீடொன்றை மூன்று இரவுக்குப் பேசி, பாதிக் காசு கட்டியிருக்கிறோம். அங்கேயே ஓர் அக்கா சமைத்துத் தருவார். மீன் வாங்கப் போகும்போது தன்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.