சாம்பல் மேடுகளும் ஆல்சினின் ஆய்வு நெறியும்

தென்னிந்தியப் புதிய கற்கால ஆய்வில் சாம்பல் மேடுகள் நெடுங்காலம் விடுபடாப் புதிராக இருந்தன. கர்நாடகத்தின் பெல்லாரி, ராய்ச்சூர்ப் பகுதிகளிலும் அவற்றை அடுத்த ஆந்திர, தெலங்கானா நிலப்பரப்பிலும் காணப்படும் இம்மேடுகளை அரக்கர்தம் எரிந்த எச்சம் எனக் கருதும் வழக்கு மக்களிடையே இருந்தது. எரிமலைக் கழிவு எனக் கொண்டோரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இராபர்ட் புரூஸ் ஃபூட் இவற்றைப் புதிய கற்கால மாட்டுப்பட்டிகளோடு தொடர்புபடுத்தினார். அவ்வூகத்தை அகழாய்வுச் சான்றால் நிறுவியவர் எஃப். ரேமண்ட் ஆல்சின் (1923–2010) ஆவார். அவர்தம் ஆய்வு நெறியையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1944இல் போர்ப்பணியின் பொருட்டு இந்தியா வந்த ஆல்சின், பின்னர் ராய்ச்சூர் மாவட்டத் தொல்பழங்காலத்தை முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருளாகக் கொண்டார். 1952இல் பிக்லிஹாலிலும் 1957இல் உட்னூரிலும் அகழ்ந்தார். உட்னூரில் பட்டியின் வேலிக்கம்பங்கள் நின்ற குழிகளும் சாம்பலடுக்கில் பதிந்த மாட்டின் குளம்புத் தடங்களும் வெளிப்பட்டன. எரிந்தது சாணமே என்பதை 1960இல் வெளிவந்த ஜாய்னரின் ஆய்வும் உறுதி செய்தது. இம்முடிவுகளை ஆல்சின் 1963இல் தென்னிந்தியப் புதிய கற்கால மாடு வளர்ப்போர் பற்றிய நூலில் விரித்துரைத்தார்.

சாணம் ஏன் மீண்டும் மீண்டும் எரிக்கப்பட்டது என்னும் வினாவுக்கு, மாட்டோடும் நெருப்போடும் தொடர்புடைய பிற்கால விழாக்களைத் துணையாகக் கொண்டு, அதனைப் பருவந்தோறும் நிகழ்ந்த சடங்கு என அவர் விளக்கினார். துளசிதாசரின் கவிதாவலியை 1964இல் மொழிபெயர்த்த மொழிப்புலமை அவருக்கு இருந்தது. தொல்பொருளோடு வாழும் மரபையும் ஒருங்கே நோக்க அது துணைநின்றிருக்கலாம். எனினும் குழியும் தடமும் நேர்ச்சான்றுகள். விழா ஒப்புமையோ கருதுகோளே.

பின்வந்த ஆய்வுகள் இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையை உணர்த்துகின்றன. கே. பத்தய்யா புதிஹாலில் நிகழ்த்திய அகழாய்வு, சாம்பல் மேட்டையொட்டிக் குடியிருப்பும் கற்கருவித் தொழிற்களமும் இருந்தமையைக் காட்டியது. டோரியன் ஃபுல்லர் முதலியோரின் தாவர எச்ச ஆய்வுகளால் கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியங்களும் புதிய கற்கால மக்களின் உணவில் இடம்பெற்றமை தெளிவாயிற்று. எனவே அவர்களை மேய்ச்சலர் என்று மட்டும் கூறுதல் இனிப் பொருந்தாது.

சங்க முல்லைத் திணையின் ஆயர் வாழ்வை இம்மேடுகளோடு நேரே இணைக்க முற்படுவோர்க்கும் இது பொருந்தும். இரண்டிற்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. ஒப்புமை ஆய்வைத் தொடங்கி வைக்கலாம். முடிவைத் தரவேண்டியது அகழ்ந்தெடுத்த சான்றே.