பசுமைக்குடிலில் கஞ்சா வளர்ப்பு: கனடாவின் வீட்டுத் தோட்டங்கள்

கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று நடப்புக்கு வந்த கஞ்சாச் சட்டம், வயதுவந்தோர் தம் சொந்தத் தேவைக்காக ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்க அனுமதித்தது. உருகுவேக்கு அடுத்தபடியாக, நாடு முழுவதற்கும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய இரண்டாவது நாடு கனடா. அந்த நான்கு செடிகளைச் சிலர் வீட்டு நிலவறையில் மின்விளக்கின் கீழ் வளர்க்கிறார்கள். சிலர் தோட்டத்துத் தரையில் நடுகிறார்கள். வேறு சிலர் கொல்லைப்புறத்தில் சிறு பசுமைக்குடில் போட்டு அதற்குள் வைக்கிறார்கள். இக்கட்டுரை அந்தக் குடில் வளர்ப்பைப் பற்றியது. பனி பெய்யும் நாடு என்பதால் குளிர்தான் பெரிய தடை என்று எண்ணத் தோன்றும். ஆனால் செடியை முதலில் தடுமாற வைப்பது கோடைப் பகலின் நீளம். அடுத்தது இலையுதிர்காலத்து ஈரம். குளிர் மூன்றாவதாகத்தான் வருகிறது.

பகலும் பூப்பும்

கஞ்சா ஒரு குறும்பகல் தாவரம். சம்பாப் பட்டத்துப் பழைய நெல் வகைகளும் சாமந்தியும் இதே வகையைச் சேர்ந்தவைதான்: இரவு போதிய அளவு நீளும்வரை இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. இந்தக் குணத்தை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் பிரான்சைச் சேர்ந்த ஜூலியன் டூர்னுவா. ஹாப்ஸ் கொடியையும் கஞ்சாச் செடியையும் வைத்து 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோதனை செய்த அவர், பகலைக் குறைத்தால் பூப்பு முந்துகிறது என்று கண்டார். முதல் உலகப் போரில் அவர் இறந்துபோனார். 1920-இல் புகையிலையையும் சோயாவையும் வைத்து இதே உண்மையை விரிவாக நிறுவிய அமெரிக்கர்களான கார்னர், அலார்டு இருவரின் பெயர்களையே இன்று பாடநூல்கள் சொல்கின்றன. ஒளிக்காலத்துவம் என்ற இயலின் தொடக்கத்திலேயே கஞ்சாவுக்கு ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு. ஆல்பர்ட்டா மாகாணத்தின் எட்மண்டனில், அதாவது வட அட்சம் 53.5 பாகையில், ஜூன் மாதப் பகல் 17 மணி நேரம். டிசம்பர்ப் பகல் ஏழரை மணி நேரம். டொரன்டோவில் ஜூன் பகல் பதினைந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பல கஞ்சா வகைகள் பகல் ஏறத்தாழ 13 அல்லது 14 மணி நேரத்துக்குக் குறைந்த பிறகே பூக்கத் தொடங்குகின்றன. பூ முற்ற மேலும் எட்டு முதல் பத்து வாரம் வேண்டும்.

டொரன்டோவில் ஆகஸ்ட் நடுவில் பகல் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்குகிறது. அறுவடை அக்டோபர் நடுவிலோ கடைசியிலோ விழும். அந்நகரில் உறைபனியும் ஏறக்குறைய அப்போதுதான் தலைகாட்டும் என்பதால் காரியம் எப்படியோ ஒப்பேறிவிடும். எட்மண்டனில் செப்டம்பர் முதல் தேதியன்றும் பகல் பதின்மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அந்த மாதம் முடிவதற்குள் உறைபனி வந்துவிடும். பூ முற்றும் காலமோ அக்டோபர் இறுதி. குடில் இல்லாதவர் அங்கே சாதாரண வகையை நட்டால் மிஞ்சுவது ஆளுயர இலைப்புதர்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத வகையைத் தேர்வது. ரஷ்யாவின் வோல்கா வட்டாரத்தில் களையாக முளைத்துக் கிடந்த குட்டைக் கஞ்சாவை 1924-இல் யனிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் ரூடெராலிஸ் என்று பெயரிட்டு விவரித்தார். கோடை குறுகிய நிலத்தில் பழகிய அது, வயது வந்ததும் தானாகப் பூக்கும். அதன் கலப்பில் பிறந்த 'தானே பூக்கும்' வகைகள் 2000-களின் தொடக்கத்தில் லோரைடர் என்ற வகையோடு சந்தைக்கு வந்தன. விதையிலிருந்து அறுவடை வரை பெரும்பாலும் 70 முதல் 90 நாள். பின்லாந்தின் எண்ணெய்வித்துச் சணல்கஞ்சாவான பினோலாவும் இதே வழியில் வந்த வடபுலப் பயிர். தானே பூக்கும் செடி சிறியது, விளைச்சலும் குறைவு. ஆனாலும் எட்மண்டன் போன்ற ஊரில் முதன்முறையாக வளர்ப்பவருக்கு இதுவே ஏற்றது.

மற்றது, இரவைச் செயற்கையாக நீட்டுவது. குடிலின் மேல் ஒளி புகாத கரும்பாயை மாலை ஏழு மணிக்கு இழுத்து மூடி, காலை ஏழு மணிக்குத் திறப்பார்கள். சாமந்திப் பண்ணைகளில் பழகிய உத்திதான் இது. கேட்க எளிது. ஜூலையில் எட்மண்டனில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். மூடிய பாயின் மேல் மூன்று மணி நேரம் வெயில் அடிக்கும். உள்ளே வெப்பமும் செடி விட்ட ஈரமும் சேர்ந்து புழுங்கும். ஆகவே ஒளியைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் வளைந்த குழாயும் மின்விசிறியும் இல்லாமல் பாயை மட்டும் வாங்குவது வீண் செலவு. ஒரு நாள் மூட மறந்தாலும், பக்கத்து வீட்டுக் கார்க்கொட்டகை விளக்கு இரவெல்லாம் உள்ளே கசிந்தாலும் செடி குழம்பும். சில பெண் செடிகள் அந்தக் குழப்பத்தில் ஆண் பூக்களையும் விடும்; மகரந்தம் பரவி, பிசின் கூட வேண்டிய பூவெல்லாம் விதையாகிவிடும். சாதாரண விதையில் முளைத்தவற்றில் ஏறக்குறைய பாதி ஆண் செடிகளாக இருக்கும். அவற்றை அடையாளம் கண்டதும் பிடுங்கி எறிவதும் இதே காரணத்துக்காகத்தான்.

குடில்

ஒற்றைக் கண்ணாடி பார்க்க அழகு, குளிர்நாட்டுக்கு உதவாது. எட்டு மில்லிமீட்டர் இரட்டைச்சுவர்ப் பாலிகார்பனேட் தகடு வழியே போகும் வெப்பம் ஒற்றைக் கண்ணாடியில் போவதில் ஏறக்குறைய பாதிதான். ஆலங்கட்டிக்கும் அது தாங்கும். கூரை சரிவாக இருந்தால் பனி தேங்காது. தெற்குப் பக்கம் ஒளிபுகும் தகடும், வடக்குப் பக்கம் வெப்பம் காக்கும் கனமான சுவரும் கொண்ட அமைப்பு வட சீனக் காய்கறி உழவர்களிடம் பெரிதும் வழக்கத்தில் உள்ளது. கனடாவின் கொல்லைப்புறத்துக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் வடக்கிலிருந்து வரும் நேர் வெயில் சொற்பம். அந்தப் பக்கத்தில் தகடு போட்டு வெப்பத்தை இழப்பதில் பொருள் இல்லை.

வடக்குச் சுவரோரம் கறுப்பு வண்ணம் பூசிய தண்ணீர்ப் பீப்பாய்களை அடுக்குவது பழைய பழக்கம். அதன் பலன் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 200 லிட்டர்த் தண்ணீர் 10 பாகை செல்சியஸ் குளிரும்போது ஏறத்தாழ 2.3 கிலோவாட் மணி வெப்பத்தை வெளிவிடும். 1,500 வாட் சூடேற்றியை ஒன்றரை மணி நேரம் ஓட்டியதற்குச் சமம். நான்கு பீப்பாய்கள் இருந்தால் லேசான உறைபனி இரவு ஒன்றைத் தாண்டிவிடலாம். கழிகுளிர் இரவுக்கு அது போதாது.

முழுக் குளிர்காலத்திலும் வளர்க்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. டிசம்பர் கடைசியில் எட்மண்டனில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 13 பாகைதான் ஏறுகிறது. அந்த ஒளியில் கஞ்சா வளராது; விளக்கும் வேண்டும், சூடேற்றியும் வேண்டும். இரண்டையும் போட்ட பிறகு, வெப்பம் ஒழுகும் தகட்டுக் கூரைக்குக் கீழே வளர்ப்பதைவிட நன்கு மூடிய அறைக்குள் வளர்ப்பது மலிவு. ஒன்டாரியோவின் தென்கோடியில் 42 பாகையில் இருக்கும் லீமிங்டன் வட்டாரத்தில் பெருநிறுவனங்கள் ஆண்டு முழுவதும் குடிலில் விளைவிக்கின்றன. ஏக்கர் கணக்கில் விளைவிப்பவருக்கு எரிவாயுக் கொதிகலன் கட்டுப்படியாகும். நான்கு செடிக்காரருக்கு ஆகாது. மறுபுறம், கோடையில் குடிலுக்கு எதுவும் ஈடில்லை. அமெரிக்காவில் உட்கூடக் கஞ்சா வளர்ப்பு நாட்டின் மொத்த மின்சாரத்தில் ஒரு சதவீதம் அளவுக்கு விழுங்குகிறது என்று எவன் மில்ஸ் 2012-இல் மதிப்பிட்டார். சூரியன் இலவசமாகத் தரும் ஒளியை விட்டுவிட்டு ஜூன் மாதத்தில் நிலவறையில் விளக்கு எரிப்பவரைக் கண்டால் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆக, குடிலின் பணி இரண்டு முனைகளிலும் சில வாரங்களைச் சேர்ப்பது: மே மாதத்தில் கன்றுகளை முன்கூட்டியே வெளியே கொண்டுவரவும், செப்டம்பர், அக்டோபரில் பூ முற்றும்வரை உறைபனியைத் தள்ளிவைக்கவும்.

ஈரமும் பூஞ்சணமும்

அந்தச் சில வாரங்களுக்குக் கொடுக்கும் விலை ஈரம். 20 பாகைச் சூட்டில் ஒரு கன மீட்டர்க் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் ஒன்பதரைக் கிராம் கூடத் தாங்காது. பகலில் 20 பாகையும் 60 சதவீத ஈரப்பதமுமாக இருந்த குடில், மூடிய நிலையில் இரவு 10 பாகைக்கு இறங்கினால், மிஞ்சும் நீராவி தகட்டிலும் பூவிலும் பனித்துளியாகப் படியும். பகலில் இதமாக இருந்த காற்று, ஒரு துளி தண்ணீர் ஊற்றாமலே இரவில் செடியை நனைத்துவிடுகிறது.

திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் அழிக்கும் போட்ரைட்டிஸ் சினேரியா என்ற சாம்பல் பூஞ்சணம் காத்திருப்பது இதற்குத்தான். கஞ்சாவின் பூங்கொத்து நெருக்கமானது. உள்ளே புகுந்த ஈரம் எளிதில் காயாது. முதல் அறிகுறி கண்ணில் படாத அளவு சிறியது: முற்றிய கொத்தின் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஓர் இலை மட்டும் மஞ்சளித்து வாடும். விரலால் தொட்டால் இழுக்காமலே கையோடு வரும். கொத்தைப் பிளந்து பார்த்தால் தண்டு பழுப்பாகக் குழைந்திருக்கும். சாம்பல் நிறத் தூள் எழும். அந்தத் தூள்தான் வித்துகள். ஆகவே கொத்தைச் செடியிலேயே உலுக்காமல், பையால் மூடி, சற்றுக் கீழே நல்ல தண்டு தெரியும் இடத்தில் வெட்டி எடுப்பார்கள். பூவின்மேல் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது கூடவே கூடாது. அது புகையோடு நுரையீரலுக்குப் போகும்.

தடுக்கும் முறை வணிகக் குடில்களில் நெடுங்காலமாக இருப்பதுதான். மாலையில் சூடேற்றியைச் சற்றே ஓட்டிக்கொண்டே காற்றுவழியைத் திறந்து, ஈரக்காற்றை வெளியே தள்ளிவிட்டு மூடுவது. வெப்பத்தை வீணாக்குவதுபோலத் தோன்றும். பயிரைக் காப்பது அந்த வீணடிப்புத்தான். தண்ணீரைக் காலையில் ஊற்றுவது, அடியிலைகளைக் கழிப்பது, விசிறியை இரவிலும் ஓட்டுவது எல்லாம் இதற்குத் துணை. இங்கே ஒரு பொறியும் உண்டு. புகைபோக்கி இல்லாத புரொப்பேன் அடுப்பைக் குடிலுக்குள் வைப்பவர்கள் அறியாமல் தண்ணீரையும் சேர்த்தே உள்ளே விடுகிறார்கள்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. மூடிய குடிலில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. மின்சூடேற்றிதான் ஏற்றது.

வானிலை அறிக்கை ஒரு வாரம் மழை என்று சொன்னால், பூ முழுதாக முற்றாவிட்டாலும் வெட்டிவிடுவது நல்லது. வீரியத்தில் கொஞ்சம் போகும். காத்திருந்தால் மொத்தமும் அழுகிப் போகலாம். சாம்பல் நோய், அசுவினி, சிவப்புச் சிலந்தி ஆகியவையும் குடிலில் வரும். சிலந்திக்கு ஃபைட்டோசியுலஸ் என்னும் இரைகொல்லிச் சிலந்தியை விடுவது மருந்தடிப்பதைவிடப் பாதுகாப்பானது.

சட்டம்

நான்கு செடி என்பது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. சட்ட முன்வரைவில் செடியின் உயரம் 100 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இருந்தது; யார் அளவுகோலோடு வீடுவீடாகப் போவது என்ற கேள்வி எழுந்து, நாடாளுமன்றக் குழுவிலேயே அது நீக்கப்பட்டது. வயது வந்தவர் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடிய அளவு 30 கிராம் உலர்ந்த கஞ்சா அல்லது அதற்கு ஈடானது. மொட்டு விட்ட செடியைப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடாது. கரிமக் கரைப்பான்களைக் கொண்டு வீட்டில் பிசின் பிரித்தெடுப்பதும் குற்றம்.

மாகாணங்கள் தம் விதிகளையும் சேர்த்திருக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் செடி பொது இடத்திலிருந்து கண்ணில் படக்கூடாது. நியூ பிரன்ஸ்விக்கில் வெளியே வளர்த்தால் 1.52 மீட்டர் உயரமுள்ள பூட்டிய அடைப்பு வேண்டும். கியூபெக் வீட்டு வளர்ப்பையே தடை செய்தது. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 14 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மனிடோபா தன் தடையை 2025 மே மாதம் விலக்கிக்கொண்டது. இவை தவிர வீட்டு உரிமையாளரின் வாடகை ஒப்பந்தமும் காண்டோ எனப்படும் அடுக்ககச் சங்கத்தின் விதியும் உண்டு. டொரன்டோ அடுக்ககங்களில் குடியிருக்கும் தமிழர்களில் பலருக்கு மத்தியச் சட்டத்தைவிட இவையே நடைமுறையில் பெரிய தடை.

மருத்துவ வளர்ப்பு இதற்கும் மூத்தது. வலிப்பு நோயாளியான டெரன்ஸ் பார்க்கர் வழக்கில் 2000-இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, 2001-இல் நோயாளிகள் தாமே வளர்க்க விதிகள் வந்தன. 2013-இன் புதிய விதிகள் அதை நிறுத்த முயன்றன. 2016-இல் அலார்டு என்ற வேறொருவர் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் அம்முயற்சியைச் செல்லாதாக்கியது. மருத்துவர் சான்றோடு பதிவு செய்தவர் நான்குக்கும் மேல் வளர்க்கலாம்.

அக்கம்பக்கத்தாரின் முறையீடுகளில் பெரும்பாலானவை மணத்தைப் பற்றியவை. செப்டம்பரில் நான்கு செடிகளின் வாடை மூன்று வீடு தாண்டும். சிறுவர்களுக்கும் வளர்ப்பு நாய்க்கும் எட்டாதபடி குடிலைப் பூட்டி வைப்பது விதிக்காக மட்டும் அல்ல. இளவயதில் தொடங்கும் பழக்கத்துக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் வயதுவந்தோர் ஒருவருக்கு மூன்று செடிகளை அனுமதிக்கிறது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் கஞ்சா பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கனடாவில் வாங்கியதாக இருந்தாலும் கஞ்சாவை அந்நாட்டு எல்லை தாண்டி எடுத்துச் செல்வதும் கொண்டுவருவதும் குற்றம். அனுமதித்த எண்ணிக்கையை மீறி வளர்ப்பதற்கு அங்கே உச்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. அத்தகைய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் குடிமகனாக இல்லாமல் நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்றவராக இருந்தால், அந்த உரிமையையே இழந்து நாட்டைவிட்டு வெளியேற்றப்படலாம்.