நோபலுக்கு வெளியே நிண்டவர்கள்

ஹெபடைடிஸ் சி வைரசைக் கண்டறிந்ததற்காக 2020இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கதை அவ்வளவுதான் எண்டு நாங்களும் நினைச்சம்.

1989இல் அந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டும், ஆய்வுகூடக் கலங்களில் அது வளர மறுத்தது. வளராத வைரசில் மருந்தை எப்படிச் சோதிப்பது? 1999இல் யேர்மனியின் மைன்ஸ் நகரில் லோமன், பார்டென்ஷ்லாகர் குழுவினர், சுருக்கிய வைரஸ் மரபணுத்தொகுதியை ஈரல் புற்றுநோய்க் கலங்களுக்குள் பெருக வைத்தனர். மருந்துகளைக் கலங்களில் சோதிக்க வழி பிறந்தது.

2013இல் அமெரிக்காவில் சொபோஸ்புவிர் அனுமதி பெற்றது. வேறு மருந்துகளோடு சேர்த்து எடுத்த பெரும்பாலானோர் சில மாதங்களில் குணமாகினர். ஆனால் அங்கே ஒரு மாத்திரை 1000 டொலர்!

கண்டுபிடிச்சவரை வரலாறு எழுதுது. வழி திறந்தவரையும், விலையைக் கேட்டுத் திரும்பிப் போனவரையும் நாங்கள்தான் எழுதவேணும்.