மாட்டுக் காதுல பன்னிரண்டு இலக்கம்

வடசென்னைன்னா துறைமுகமும் கன்டெய்னர் லாரியும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். திருவொற்றியூர் தெருக்கள்ல மாடும் உண்டுங்க. அந்த மாட்டோட மருத்துவக் குறிப்பு பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 1903-ல வேப்பேரி டாபின் ஹால்ல 20 மாணவர்களோட கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பமாச்சு. 1936-ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சு, இந்தியாவுலயே முதல்முறையா கால்நடை மருத்துவத்துல பட்டம் குடுத்தது இந்தக் கல்லூரிதான். டாக்டர்கள் வந்துட்டாங்க. ஆனா மாட்டோட வரலாறு? ஆஸ்பத்திரி நோட்டுல ரெண்டு வரி, மீதி மாட்டுக்காரர் மனசுல. மாடு கைமாறினா வரலாறும் போச்சு!

கம்ப்யூட்டர் காலத்துல தேசிய பால்வள வாரியம் 'இனாஃப்'னு ஒரு மென்பொருள் செஞ்சுது. மாட்டுக் காதுல மஞ்சள் கம்மல், அதுல 12 இலக்க எண். 2019 செப்டம்பர்ல தொடங்கின தேசியத் தடுப்பூசித் திட்டத்துல கோமாரிக்கும் புருசெல்லோசிஸுக்கும் போடற ஊசியை இந்த எண்ணுலதான் ஏத்தினாங்க. 2023-ல இனாஃப் இடத்துக்கு 'பாரத் பசுதன்' வந்துச்சு. மென்பொருள் மாறினாலும் காதுல இருக்கற எண் அதேதான்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. கோமாரி ஊசி ஆறு மாசத்துக்கு ஒருதரம் போடறது. ஒரு பதிவு விட்டுப்போனாலும் அடுத்த சுத்துல சரிபண்ணிடலாம். புருசெல்லா ஊசி அப்படியில்ல. நாலுலேர்ந்து எட்டு மாசப் பெண் கன்னுக்கு, ஆயுசுக்கே ஒரு தடவை. பின்னால ரத்தம் சோதிச்சா, தெரியற எதிர்ப்புச் சக்தி ஊசியால வந்ததா, நோயால வந்ததான்னு குழப்பம் வரலாம். அப்போ பழைய மென்பொருள்ல ஏறின அந்த ஒரு வரிதான் சாட்சி. 2021-ல ஊசி போட்ட கன்னு இன்னிக்குப் பால் கறக்கற பசு. காய்ச்சாத பால் வழியா மனுஷனுக்கும் தொத்தற நோய் இது.

2024 ஜூன்ல திருவொற்றியூர்ல ஒரு எருமை ஒரு பெண்ணை முட்டி இழுத்துட்டு ஓடினது ஞாபகம் இருக்கும். அது யாரோட எருமைன்னு தேடவேண்டி வந்துச்சு. கம்மல் விழுந்தாலோ, வித்தவர் பேரு மாத்தாம விட்டாலோ எந்த மென்பொருளும் உதவாது.

அதனால, எங்க மென்பொருளைப் புதுசாக்கினாலும் நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: பழைய வரி பத்திரமா வந்து சேர்ந்துச்சா? உங்க தெருவுல பால் ஊத்தறவர்கிட்ட நீங்களும் மாட்டோட கம்மல் எண்ணைப் பத்திக் கேட்டுப் பாருங்களேன்.