சென்னையில் வீட்டுத் தொலைக்காட்சிப் பதிவும் நகல் தடுப்பும்

தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது, சென்னையில் வீடியோ கேசட் காலத்தில் பரவிய வழக்கமாகும். துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜாரில் வெளிநாட்டு வீடியோ கருவிகள் விற்கப்பட்டன. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற துறைமுக, ஆலைப் பகுதிகளில் இதன் பயனை விளக்கத் தேவையில்லை. இரவு ஷிப்டுக்குப் போனவர் முந்தைய நாள் கிரிக்கெட் ஆட்டத்தைக் காலையில்தான் பார்க்க முடியும்.

2000-களில் கேசட்டின் இடத்தைக் கணினி பிடித்தது. ரிச்சி தெருவில் கிடைத்த டிவி டியூனர் கார்டைக் கணினியில் பொருத்தி, கேபிள் வயரை நேராகச் செருகினால் போதும். 2002-இல் தொடங்கப்பட்ட மித்டிவி என்னும் கட்டற்ற மென்பொருள், குறித்த நேரத்தில் தானே பதிவு செய்து வன்தட்டில் சேர்த்துவிடும். அன்றைய கேபிளில் சேனல்கள் பூட்டப்படாமல் வந்ததால்தான் இது நடந்தது.

2003 செப்டம்பர் 1 அன்று நாட்டிலேயே முதலாவதாகச் சென்னையில் 'காஸ்' எனப்படும் நிபந்தனை அணுகல் முறை நடைமுறைக்கு வந்தது. கட்டணச் சேனல்கள் குறியாக்கம் செய்யப்பட்டன. செட்டாப் பாக்ஸ் இல்லாமல் அவற்றைப் பார்க்க முடியாது. முக்கியத் தமிழ்ச் சேனல்கள் இலவசப் பட்டியலில் இருந்ததால் பெரும்பாலான வீடுகள் பெட்டி வாங்கவில்லை. டியூனர் கார்டும் பிழைத்துக்கொண்டது. கேபிள் முழுவதும் டிஜிட்டலானபோது அந்த வழி அடைபட்டது. அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017-இல்தான்.

பெட்டியின் பின்புறமுள்ள மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் வழியாகப் பதிவு செய்யலாம். ஆனால் படத்தின் தரம் குறையும். பெட்டியில் ஓடும் ஒரு சேனல் மட்டுமே கிடைக்கும். எச்டிஎம்ஐ வழியில் எச்டிசிபி என்னும் பூட்டு உண்டு. பதிவு வசதியுள்ள பெட்டிகளில் நகல் தடுப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்பது ட்ராய் விதி. அவற்றில் பதிவானவை பொதுவாக அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். பெட்டி பழுதானால் சேமித்தவையும் போயின. திரையில் அவ்வப்போது தோன்றும் எண்களும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான்: திருட்டு நகல் எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று கண்டறிய அவை உதவுகின்றன.

சட்டம் இவ்வளவு கடுமையானதன்று என்பதே இதில் வியப்பு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, ஒளிபரப்பைத் தன் சொந்தப் பயனுக்காகவோ நேர்மையான கற்பித்தல், ஆய்வுக்காகவோ பதிவு செய்வதை ஒளிபரப்பு உரிமையை மீறியதாகக் கருதுவதில்லை. 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பதை அது தடுக்கவில்லை. ஆனால் திறக்க உதவுபவர், உதவி பெற்றவரின் பெயரையும் முகவரியையும் நோக்கத்தையும் குறித்து வைக்க வேண்டும். எந்தக் கடைக்காரர் இப்படியொரு பதிவேடு வைத்திருப்பார்? ஆக, சட்டம் மாணவருக்குத் தந்த அனுமதியைப் பெட்டி தராமல் நிறுத்திக்கொள்கிறது.

வீட்டில் அமைக்கும் பதிவுக் கருவிக்கு இன்றும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய இலவச டிஷ் சேவையில் பல சேனல்கள் குறியாக்கமின்றி வருகின்றன. சிறிய டிஷ்ஷும் செயற்கைக்கோள் டியூனர் கார்டும் இருந்தால் அவற்றை அப்படியே வன்தட்டில் சேமிக்கலாம். அந்தக் கோப்பு எந்தக் கணினியிலும் ஓடும்.