கதவைத் தட்டாத கணக்கெடுப்பு

மக்களை எண்ணி அறிதல் அரசுகளின் தொன்மையான கடமைகளுள் ஒன்று. எண்ணுவோர் வீடு வீடாகச் சென்று, வினவி, எழுதிவருவதே நெடுங்காலம் நிலவிய முறையாகும். சிங்கப்பூரில் 1824ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கு 10,683 பேர் வாழ்ந்தனர் எனக் காட்டிற்று. 1871இல் தொடங்கிய முறையான கணக்கெடுப்பு, 1931 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடைபெற்றது. போர் இடையிட்டமையால் அடுத்த கணக்கு 1947இலும், அதன்பின் 1957இலும் எடுக்கப்பட்டன. குடியரசு மலர்ந்தபின் 1970, 1980, 1990 ஆகிய ஆண்டுகளிலும் இம்மரபு தொடர்ந்தது. 2000ஆம் ஆண்டிலோ அது புதுவழியில் திரும்பிற்று.

அப்புதுவழி யாது? பிறப்பு, இறப்பு, குடியிருப்பு, குடிநுழைவு முதலியவற்றுக்காக அரசு அலுவலகங்கள் நாள்தோறும் எழுதிவரும் பதிவுகளை ஒன்றிணைத்து, அவற்றிலிருந்தே மக்கள்தொகையைக் கணக்கிடுவதாகும். இதற்கு முன்னோடி டென்மார்க். அந்நாடு 1968இல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் தனியெண் வழங்கிற்று. 1981இல் முற்றிலும் பதிவேடுகளைக் கொண்டே கணக்கெடுப்பை நடத்தி முடித்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. பின்லாந்து 1990இல் அதனைப் பின்பற்றியது.

சிங்கப்பூரில் இதற்கான வித்து வேறொரு நோக்கத்துடன் இடப்பட்டது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, கிளர்ச்சிக்காரரை மக்களிடமிருந்து பிரித்தறிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. விடுதலைக்குப்பின் 1966இல் மக்கள் மீண்டும் பதிவு செய்யப்பட்டனர். வீடு மாறுவோர் 28 நாள்களுக்குள் புதிய முகவரியைத் தெரிவித்தல் வேண்டும் என்பது சட்டம். பாதுகாப்புக்காகப் பிறந்த அட்டையின் எண்ணே, பல துறைகளின் பதிவுகளை இணைக்கும் இழையாகப் பின்னாளில் அமைந்தது. 1990இல் மக்களின் அடிப்படை விவரங்கள் கணக்கெடுப்புப் படிவங்களில் முன்கூட்டியே அச்சிடப்பட்டன. 2000இல் வயது, பால், இனம், வசிப்பிடம் ஆகியவை பதிவேடுகளிலிருந்தே எடுத்துக்கொள்ளப்பட்டன. செலவும் உழைப்பும் குறைந்தன. பொதுமக்களுக்குத் தொல்லையும் குறைந்தது.

எனினும் பதிவேடு அறியாதவை பல. ஒருவர் எம்மதத்தினர், எவ்வழியில் பணிக்குச் செல்கிறார், வீட்டில் எம்மொழி பேசுகிறார் என்பன அலுவலக ஏடுகளில் முழுமையாக இரா. ஆதலின் ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்களைத் தெரிந்தெடுத்து, இணையம், தொலைபேசி, நேர்காணல் ஆகிய மூன்று வழிகளிலும் வினவினர்.

இவ்விடத்தில்தான் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வரலாறு மிக நெருங்கிவருகின்றது. சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 2000இல் 42.9 விழுக்காட்டினர், 2010இல் 36.7, 2020இல் 29.2. இந்தியர் என்ற பிரிவில் பிறமொழியினரும் அடங்குவர். குடியேற்றத்தால் அவர்தம் விகிதமும் மாறும். ஆதலின் இச்சரிவு முழுவதையும் தமிழ்க் குடும்பங்களின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. ஆயினும் பதிவேடுகளை மட்டுமே நம்பியிருந்தால், இச்செய்தியை நாம் அறிந்திருக்கவே இயலாது. அட்டை ஒருவரின் இனத்தைக் கூறும். அவர் தம் குழந்தையிடம் பேசும் மொழியைக் கூறாது.

பதிவேட்டுக்குத் தீய பயனும் உண்டு. நெதர்லாந்தில் திருத்தமாகப் பேணப்பட்ட மக்கள் பதிவேடு, இரண்டாம் உலகப்போரின்போது யூதர்களைத் தேடிப்பிடிக்க நாஜிகளுக்குக் கருவியாயிற்று. அந்நினைவு ஆறாத அந்நாட்டில் 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. வீடு வீடாகச் சென்று எடுக்கும் முறை அத்துடன் அங்கு முடிவுற்றது. வியப்பு யாதெனில், பின்னர் அந்நாடும் பதிவேடுகளைக் கொண்டே கணக்கிடத் தொடங்கியதாகும். ஆகவே ஏடுகளைக் காக்கும் சட்டமும், அவற்றைக் கையாள்வோரின் நேர்மையும் இம்முறைக்கு இன்றியமையாதன.

எண்ணும் முறை இனியும் மாறலாம். ஆயினும் வீட்டுமொழி எது என்னும் வினா கணக்கெடுப்பில் நீடித்தல் வேண்டும். அவ்வினா நம் இல்லத்திற்கு வரும்போது தயக்கமின்றித் தமிழ் என்று விடையளிக்கும் நிலையைப் பேணுதல், கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய கடமையாகும்.