வெற்றுரை களைதல்: ‘டிபங்க்’ என்னும் வினையின் பிறப்பும் பொருளும்

‘டிபங்க்’ என்னும் ஆங்கில வினைக்கு ‘ஒன்றைப் பொய்யென நிறுவுதல்’ என்று பொருள் கொள்வதே பெருவழக்கு. அப்பொருள் குறையுடையது என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு கூற்று ஊரில் பெற்றிருக்கும் மதிப்பே அவ்வினையின் இலக்கு. கூற்றின் உண்மை பொய்ம்மை அதற்கு அடுத்ததுதான். சொல்லின் வரலாறு இதற்குச் சான்று தருகிறது.

1820 பிப்ரவரியில், மிசௌரியை மாநிலமாகச் சேர்க்கும்போது அங்கே அடிமைமுறைக்கு இடமளிக்கலாமா என்ற விவாதம் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் நீண்டுகொண்டிருந்தது. வட கரோலினாவின் பங்க்கம் வட்டாரத்தைச் சேர்ந்த உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர் பேச எழுந்தார். சலித்துப்போன அவை வாக்கெடுப்பைக் கோரியும் அவர் அமரவில்லை. பங்க்கத்துக்காகப் பேசியே தீரவேண்டும் என்றார் என்பது வழிவழிச் செய்தி. அவ்வூர்ப் பெயர் வெற்றுப் பேச்சுக்கு ஆகிவந்து, பின்னர் ‘பங்க்’ எனக் குறுகியது. வரலாறு ஏறத்தாழ வெறும் ‘பங்க்’ என்று 1916இல் ஹென்றி ஃபோர்டு சொன்னது அச்சொல்லை மேலும் பரப்பிற்று. 1923இல் வில்லியம் உட்வர்ட் ‘பங்க்’ என்ற தம் நாவலில், நீக்கத்தைக் குறிக்கும் ‘டி’ என்னும் முன்னொட்டைச் சேர்த்து இவ்வினையைப் படைத்தார்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. வாக்கரின் பேச்சு பொய் என்று எவரும் குற்றஞ்சாட்டவில்லை. அவையில் நின்று, அவையில் இல்லாத வாக்காளர் காதுக்காகப் பேசியதே குற்றம். ஆகவே ‘பங்க்’ என்பது உள்ளீடற்ற பகட்டு. ‘டிபங்க்’ என்பது அப்பகட்டைக் களைதல்.

வழக்கும் இதற்கு அரண் செய்கிறது. ஆய்லர் 1769இல் முன்வைத்த ஓர் எண்கணித ஊகத்தை 1966இல் லாண்டரும் பார்க்கினும் ஒரே எதிர்க்காட்டால் வீழ்த்தினர். ஊகம் ஐயத்துக்கிடமின்றிப் பொய்யாயிற்று. ஆயினும் அதற்கு ‘டிபங்க்’ என்ற சொல் பொருந்தாது. ஊகத்தில் பகட்டில்லை. மாறாக, 1924இல் பாஸ்டனில் ‘மார்ஜரி’ என்ற ஆவியூடகப் பெண்மணியின் அமர்வுகளை மாயவித்தைக்காரர் ஹூடினி ஆராய்ந்து, இருளில் ஒலித்த மணியைக் காலாலேயே அடிக்க முடியும் என்று காட்டினார். ஆவிகள் இல்லை என்பது அதனால் நிறுவப்படவில்லை. அமர்வின் மதிப்புத்தான் சரிந்தது. இதற்கு அவ்வினை முற்றும் பொருந்துகிறது.

இன்றைய செய்திச் சரிபார்ப்பில் அது ‘பொய்யென நிறுவுதல்’ என்றே வழங்குகிறதே எனலாம். உண்மைதான், ஆனால் அங்கும் பலர் நம்பிப் பரப்பிய செய்தியே இலக்காகிறது. யாரும் நம்பாத பொய்யை ‘டிபங்க்’ செய்ய வேண்டிய தேவை எழுவதில்லை.

இவ்வேறுபாட்டை மறந்தால் தருக்கம் பிழைபடும். உட்வர்ட் 1926இல் எழுதிய வாஷிங்டன் வரலாறு தலைவரின் திருவுருவைக் குலைக்க முயன்றது; அவர் விடுதலைப் போரில் படை நடத்தியதை அது பொய்யாக்கவில்லை. சொன்னவரின் உள்நோக்கம் வெளிப்பட்டதாலேயே சொன்னது பொய்யாகிவிடாது. ஆய்வில் ஒருவர் பகட்டைக் களைந்தபின்னும், கூற்றைச் சான்றுகொண்டு மறுக்கும் கடமை அவருக்கு முழுதாக எஞ்சியிருக்கிறது.